கினிக்கோழிக்கும் கினிப் பொன்னுக்கும் என்ன உறவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தோட்டத்தில் பதினோரு கினிக்கோழிகள் மேய்கின்றன. பார்க்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து முட்டையைக் கேட்பார்கள், மூன்றாவதாகத் தவறாமல் பெயரைக் கேட்பார்கள். அங்கிருந்து பேச்சு புல்லுக்குத் தாவும், நாணயத்துக்குத் தாவும், ஆய்வுக்கூட எலியில் போய் நிற்கும். ஒரே பதிலைப் பலமுறை சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தொகுத்து எழுதி வைத்திருக்கிறேன்.

கினிக்கோழி, கினியா புல், கினி எலி, கினிப் பொன் என்கிறார்களே, இந்தக் 'கினி' என்றால் என்ன?

ஊர்ப் பெயர்தான். இன்னும் சரியாகச் சொன்னால் ஒரு கடற்கரையின் பெயர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக 15ஆம் நூற்றாண்டில் தெற்கே இறங்கிய போர்ச்சுகீசியர், சஹாரா பாலைவனத்துக்குக் கீழே இருந்த கரை முழுவதையும் 'கினே' என்றார்கள். அந்தச் சொல் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. கறுத்த மக்களைக் குறிக்கும் பெர்பர் மொழிச் சொல் என்பார் ஒரு சாரார். மாலி நாட்டின் பழைய வணிக நகரமான ஜென்னேயின் பெயர் திரிந்தது என்பார் மறு சாரார்.

அன்றைய ஐரோப்பிய மாலுமிக்குக் 'கினியா' என்பது எல்லை போட்ட நாடு அல்ல. நம் பாட்டிமார் 'சீமை' என்று சொன்னதைப் போல, 'அங்கே, கடலுக்கு அப்பால்' என்பதுதான் அதன் பொருள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் குழப்பங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

உலகப் படத்தில் நான்கு கினியா இருக்கிறதே, எது அசல்?

நான்குமே அந்தக் கடற்கரைப் பெயரின் வாரிசுகள். பிரான்சிடமிருந்து 1958இல் விடுதலை பெற்றது கினியா, தலைநகர் கொனாக்ரி. போர்ச்சுகலிடமிருந்து விடுபட்டது கினியா-பிசாவ். ஸ்பெயினிடமிருந்து 1968இல் விடுபட்டது பூமத்தியரேகைக் கினியா. இந்தக் கடைசி நாட்டின் நிலத்தைப் பூமத்திய ரேகை எங்குமே தொடுவதில்லை. பெரும்பகுதி ரேகைக்கு வடக்கிலும் அன்னோபோன் என்ற சிறு தீவு தெற்கிலும் இருக்க, ரேகை நடுவில் கடலோடு கடலாகப் போய்விடுகிறது.

நான்காவது, ஆஸ்திரேலியாவுக்கு மேலே இருக்கும் பாப்புவா நியூ கினியா. ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 1545இல் அந்தக் கரையைக் கண்ட ஓர்த்திஸ் தே ரெத்தெஸ் என்ற ஸ்பானிய மாலுமிக்கு, அங்கிருந்த மக்களின் தோற்றம் ஆப்பிரிக்கக் கினியாவை நினைவூட்டியது. 'புதிய கினியா' என்று எழுதி வைத்துவிட்டார். ஒரு மனிதரின் 'அதைப் போல இருக்கிறதே' என்ற நினைப்பு, ஏறக்குறைய 500 ஆண்டுகளாக ஒரு பெருந்தீவின் பெயராக நிற்கிறது.

ஊர்ப் பெயர் எப்படி நாணயத்தின் பெயர் ஆனது?

தங்கம் அந்தக் கரையிலிருந்து வந்ததால். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் காலத்தில், 1663இல் புதிய பொற்காசு ஒன்றை இயந்திரத்தில் அடித்தார்கள். ஆப்பிரிக்காவுடன் வணிகம் செய்ய அரச உரிமை பெற்றிருந்த ஒரு கம்பெனி கொண்டுவந்து கொடுத்த தங்கம் அது. அந்தத் தங்கத்தில் அடித்த காசில் அரசர் தலைக்குக் கீழே ஒரு குட்டி யானையைப் பொறித்தார்கள். அது கம்பெனியின் சின்னம். அரசாங்கம் வைத்த பெயர் அல்ல 'கினி'. 'கினியாத் தங்கத்தில் அடித்த காசு' என்று மக்கள் சொல்லிச் சொல்லிக் 'கினி' என்று சுருங்கிவிட்டது.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தங்கம் பெரும்பாலும் வந்தது, பின்னாளில் 'பொற்கரை' என்று பெயர் பெற்ற கரையிலிருந்து. அது இன்றைய கானா. கினியா என்ற பெயரில் இருக்கும் நாடு அல்ல. இன்னொன்று, அதே கம்பெனியின் கப்பல்கள் தங்கத்தை மட்டும் ஏற்றவில்லை. மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிக் கரீபியத் தீவுகளில் விற்றன. காசின் மீது இருக்கும் யானையை அழகு என்று ரசிப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டு ரசிக்கட்டும்.

பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு தங்கம் எங்கிருந்து வந்தால் என்ன? 1729 முதல் சில கினிகளில் அரசர் தலைக்குக் கீழே கிழக்கிந்தியக் கம்பெனியின் முதலெழுத்துகள் இருக்கின்றன. அவர்கள் கொடுத்த தங்கத்தில் அடித்தவை அவை. அப்போதும் காசின் பெயர் கினிதான்.

ஒரு கினிக்கு 21 ஷில்லிங் என்று படித்தேன். இருபது என்று வைத்தால் கணக்கு எளிதாக இருந்திருக்குமே?

இருபது என்றுதான் வைத்தார்கள். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு பவுண்டுக்கு ஒரு காசு என்பதே முதல் எண்ணம். ஆனால் கினி தங்கம், ஷில்லிங் வெள்ளி. இரண்டின் சந்தை விலையும் ஒன்றாக நிற்காது. தேய்ந்தும் விளிம்பு வெட்டப்பட்டும் வெள்ளிக் காசுகள் மதிப்பிழந்த 1690களில் ஒரு கினி 30 ஷில்லிங் வரை போனது. 1717இல் நாணயச்சாலைத் தலைவர் ஓர் அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 21 ஷில்லிங் என்று அரசு நிலைப்படுத்தியது. அந்தத் தலைவர் வேறு யாருமல்ல, ஐசக் நியூட்டன்.

1814க்குப் பிறகு காசு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் 'கினி' என்ற கணக்கு சாகவில்லை. மருத்துவர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், குதிரை விலை எல்லாம் கினியில்தான் பேசப்பட்டன. பவுண்டில் சொன்னால் கடைக்காரத்தனம், கினியில் சொன்னால் கனவான்தனம். குதிரை ஏலத்தில் இதற்கு ஒரு வசதியும் இருந்தது: வாங்குகிறவர் கினிக் கணக்கில் கொடுப்பார், விற்றவர் பவுண்டுக் கணக்கில் பெறுவார், இடையில் மிச்சமாகும் ஒரு ஷில்லிங் ஏலக்காரரின் தரகு. 1971இல் ஷில்லிங்கே ஒழிந்த பிறகும் அங்கே பந்தயக் குதிரைகளைக் கினியில் ஏலம் விடுகிறார்கள்.

நகைக்கடையில் சொல்லும் சவரனும் இந்தக் கினியும் ஒன்றா?

இல்லை, ஆனால் பங்காளிகள். கினிக்குப் பதிலாக 1817இல் இங்கிலாந்து கொண்டுவந்த 20 ஷில்லிங் பொற்காசின் பெயர் சாவரின். அதுதான் நம் வாயில் 'சவரன்' ஆயிற்று. அந்தக் காசு 8 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. அதனால் இன்றும் நமக்கு ஒரு சவரன் என்றால் 8 கிராம். 'பவுன்' என்பது பவுண்டு. கினி இரண்டையும்விடச் சற்றுக் கனமானது.

மூன்றுக்கும் பொதுவானது 22 காரட் தரம். வங்காளத்தில் 22 காரட் தங்கத்தை 'கினி சோனா' என்கிறார்கள். காசு போய், எடை போய், அங்கே அந்தக் கடற்கரையின் பெயர் தங்கத்தின் தரமாக மிஞ்சியிருக்கிறது.

கினிக்கோழியாவது உண்மையில் கினியாவிலிருந்து வந்ததா?

வந்தது என்றே சொல்லலாம். சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கா முழுவதும் காட்டில் திரிகிற பறவை இது. உடம்பெல்லாம் சாம்பல் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, தலையில் கொம்பு போன்ற புடைப்பு. அந்தக் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் ஏற்றியதால் ஆங்கிலத்தில் 'கினி' ஆனது. நம் ஊரில் கின்னிக்கோழி என்றும் சொல்கிறார்கள். அது பேச்சில் வந்த அழுத்தம்தான். கிண்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலங்கியல் பெயரின் முதல் பாதியான 'நுமிடா'கூட இடப்பெயரே. வட ஆப்பிரிக்காவில் இருந்த நுமிடியா என்ற பழைய அரசைக் குறிக்கிறது.

பிரேசிலில் இதே பறவை 'அங்கோலாக் கோழி'. அங்கே அடிமைக் கப்பல்கள் அதிகம் வந்தது அங்கோலாவிலிருந்து. பெட்டை கத்துவது அவர்கள் காதில் 'தோ ஃபிராக்கோ' என்று விழுகிறது, 'எனக்குத் தெம்பில்லை' என்று பொருள். எங்கள் தோட்டத்துப் பெட்டைகளைக் கேட்டால் அப்படித் தோன்றாது. பாம்பைக் கண்டால் தெருவையே எழுப்புகிற தெம்பு அவற்றுக்கு உண்டு. பெயர் பற்றி அல்லாமல் வளர்ப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: இரண்டு அசையில் கத்தினால் பெட்டை, அடைக்கு 26 முதல் 28 நாள், நாட்டுக்கோழியைப் போல 21 நாளில் முட்டையை உடைத்துப் பார்த்துவிடாதீர்கள்.

அப்படியானால் ஆங்கிலத்தில் வான்கோழிக்கு 'டர்க்கி' என்று பெயர் இருப்பது துருக்கி நாட்டினாலா?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. துருக்கிய வணிகர் வழியாக இங்கிலாந்து போன கினிக்கோழியைத்தான் முதலில் 'துருக்கிக் கோழி' என்றார்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய பறவை வந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பினார்கள். கடைசியில் துருக்கிப் பெயரைப் புதிய பறவை எடுத்துக்கொண்டது, கினிக்கோழி கினியாவோடு நின்றது. இந்தக் குழப்பம் விலங்கியல் பெயரிலும் உறைந்து கிடக்கிறது. 'மெலியாகிரிஸ்' என்பது கிரேக்கர் கினிக்கோழிக்கு வைத்த பெயர். இன்று அது வான்கோழியின் பேரினப் பெயர், கினிக்கோழியின் சிற்றினப் பெயர்.

துருக்கியரோ வான்கோழியைத் துருக்கிப் பறவை என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் மொழியில் அதன் பெயர் 'ஹிந்தி', அதாவது இந்தியப் பறவை. பிரெஞ்சுக்காரருக்கும் 'இந்தியாவிலிருந்து வந்தது'. டச்சுக்காரர் இன்னும் துல்லியமாக, நம் கோழிக்கோட்டின் பெயரை வைத்து 'கல்கூன்' என்கிறார்கள். போர்ச்சுகீசியருக்கு அது 'பெரு', தென் அமெரிக்க நாட்டின் பெயரேதான். மலாய் மொழியில் 'டச்சுக் கோழி'. வட அமெரிக்கப் பறவைக்கு இத்தனை நாட்டுக் குடியுரிமை, சொந்த நாட்டைத் தவிர.

'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' என்று மூதுரையிலேயே இருக்கிறதே, அப்போதே நம்மிடம் இருந்திருக்கிறது அல்லவா?

இந்தக் கேள்வியைத் தமிழாசிரியர்கள்தான் கேட்பார்கள். 1492க்கு முன் அமெரிக்கப் பறவை இங்கே இருந்திருக்க வழியில்லை. ஆக, இரண்டில் ஒன்றுதான். பாட்டு அதற்குப் பிந்தியது. அல்லது பாட்டில் வரும் வான்கோழி வேறு ஏதோ பறவை, அந்தப் பெயரைப் பின்னால் வந்த பறவைக்குச் சூட்டிவிட்டோம். எனக்கு இரண்டாவதுதான் பொருந்திப் படுகிறது. பழைய பெயரைப் புதுப் பறவைக்குத் தூக்கிக் கொடுப்பதை மேலே ஆங்கிலேயர் செய்ததைப் பார்த்தோம். நாம் மட்டும் செய்திருக்க மாட்டோமா?

கினி எலியைப் பன்றி என்கிறார்கள், கினியா என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் இல்லை. அது பன்றியல்ல, கொறிக்கும் பிராணி. ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி, குறிப்பாகப் பெரு, பொலிவியா பக்கம். அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறைச்சிக்காக வீட்டிலேயே வளர்க்கிறார்கள். கெச்சுவா மொழியில் பெயர் 'கூய்', அது கத்துகிற ஒலியேதான். பெரு நாட்டின் குஸ்கோ நகரப் பேராலயத்தில் இருக்கும் இயேசுவின் கடைசி விருந்து ஓவியத்தில் நடுத்தட்டில் இருப்பது கூய் என்றே அந்த ஊரார் சொல்வார்கள்.

ஸ்பானியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போனதும் பெயர்க் கச்சேரி தொடங்கியது. பிரெஞ்சில் இந்தியப் பன்றி, ஜெர்மனில் கடல் பன்றிக்குட்டி, ஸ்பானியத்தில் இந்தியத் தீவுகளின் முயல்குட்டி, சீனத்தில் டச்சுப் பன்றி. தமிழில் 'சீமைப் பெருச்சாளி' என்ற பெயரும் உண்டு. 'எங்கிருந்தோ வந்தது' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிற அந்தப் பெயர்தான் எல்லாவற்றிலும் நேர்மையானது என்பது என் கட்சி.

ஒரு கினிக் காசுக்கு விற்றதால் அந்தப் பெயர் என்று என் மகனின் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறதே?

கேட்க நன்றாக இருக்கிறது, தேதி இடிக்கிறது. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியின் நூல் ஒன்று 1653இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதிலேயே 'கினிப் பன்றி' என்ற சொல் இருக்கிறது. கினிக் காசு அடித்தது 1663இல். பிறக்காத காசுக்கு யாரும் எலி விற்க முடியாது.

மீதி இருக்கும் விளக்கங்கள் இரண்டு. அடிமைக் கப்பல்கள் கினியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் போய்வந்ததால், அந்தக் கப்பலில் வந்த எதுவும் 'கினி' ஆனது என்பது ஒன்று. தென் அமெரிக்காவின் கயானா என்பதைக் கினியா என்று மாற்றிக் கேட்டுவிட்டார்கள் என்பது மற்றொன்று. எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. தொலைதூரம் என்பதற்கே அப்போது கினியா என்றுதான் பெயர், முதல் பதிலில் சொன்னதைப் போல.

கயானாவும் கினியாவும் ஒரே சொல்லா?

இல்லை. கயானா தென் அமெரிக்கப் பழங்குடியினரின் சொல், 'நீர் நிறைந்த நாடு' என்று பொருள் சொல்வார்கள். ஒலி மட்டும்தான் பக்கம். 1838 முதல் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களில் தமிழர்களும் அங்கே போனார்கள். அது தனிக் கதை.

கினியா புல் வைத்திருக்கிறேன், அதுவும் ஆப்பிரிக்காவா?

ஆமாம், இதில் சிக்கல் இல்லை. ஆப்பிரிக்கப் புல். 18ஆம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகளுக்குப் போய், அங்கிருந்து வெப்ப நாடுகள் எங்கும் தீவனமாகப் பரவியது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ ஜிஜி 3 ரகம் நம் ஊரில் பலருக்கும் தெரியும். தென்னை நிழலிலும் வளரும் என்பதால் தோப்புக்காரர்கள் விரும்புகிறார்கள். 'மொம்பாசா' என்று விற்பதும் இதே இனத்தின் இன்னொரு ரகம்தான். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைப் பெயர் இனத்துக்கு, கிழக்குக் கரைத் துறைமுகத்தின் பெயர் ரகத்துக்கு. வரப்போரம் நட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அறுக்காமல் விட்டால் ஆளுயரம் வளர்ந்து, கோடையில் காய்ந்து நெருப்புக்கு இரையாகும்.

கினிப் புழு என்று ஒரு நோயும் உண்டாமே?

நம் முன்னோர் 'நரம்புச் சிலந்தி' என்ற நோய் அது. குடிநீரில் இருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சியோடு உள்ளே போய், ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளமாகி, நூல் போன்ற புழு வெளியே வரும். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுத்து எடுப்பார்கள். ஐரோப்பியர் அதைக் கினியாக் கரையில் கண்டதால் ஆங்கிலப் பெயர் அப்படி. அறிவியல் பெயரில் 'மெடினென்சிஸ்' என்று மதீனா நகரம் இருக்கிறது. புழு இரண்டு ஊருக்கும் மட்டும் உரியதல்ல, தமிழ்நாட்டிலும் இருந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல். 2000இல் நாடு நோயற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. தண்ணீரை வடிகட்டியே விரட்டினோம்.

தமிழ்நாட்டுப் பொருள் எதற்காவது 'கினி' பெயர் ஒட்டியதுண்டா?

உண்டு, எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த பதில் இதுதான். சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சில் பெயர் 'கினே'. புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர் அதைக் கொடுத்துக் கருவேல இனத்துப் பிசினை வாங்கினார்கள். துணிச் சாயம் அச்சிட ஐரோப்பாவுக்கு அந்தப் பிசின் தேவைப்பட்டது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஆற்றங்கரையில் இந்தத் துணியே நாணயம்: இத்தனை பிசினுக்கு இத்தனை துண்டு என்று கணக்கு. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் நம் கரைத் துணியை ஆப்பிரிக்காவில் அடிமை வணிகத்துக்கும் கொடுத்தார்கள்.

இங்கே பெயர் தலைகீழாக வேலை செய்கிறது. கோழிக்கும் தங்கத்துக்கும் அது வந்த திசையின் பெயர். துணிக்கோ போகிற திசையின் பெயர். நெய்தவர் கினியாவைப் பார்த்ததில்லை, உடுத்தியவர் புதுச்சேரியைப் பார்த்ததில்லை.

நாமும் இப்படி ஊர்ப் பெயரைச் செடிகொடிகளுக்கு வைத்திருக்கிறோமா?

தாராளமாக. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று தேய்ந்த சொல் அது. செடி தென் அமெரிக்காவினுடையது. மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகம். மக்காச்சோளத்தில் இருப்பது மக்கா நகரம் என்பது வழக்கமான விளக்கம். பயிர் மெக்சிகோவில் பிறந்தது. இலங்கைத் தமிழரில் பலருக்கு மிளகாய் 'கொச்சிக்காய்', கொச்சியிலிருந்து போனதால். மிளகாயும் அமெரிக்கச் செடிதான்.

சௌசௌவை நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என்கிறோம். பெங்களூர்ச் சந்தையில் போய்க் கேளுங்கள்: 'சீமெ பதனெகாய்' என்பார்கள், சீமைக் கத்தரிக்காய். அவர்களும் கையை விரித்துக் கடல் பக்கம் காட்டுகிறார்கள்.

கினியா நாட்டில் செலவாணி கினிதானே?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாப்புவா நியூ கினியாவின் பணம் 'கினா' என்பதால் இந்த எண்ணம் இன்னும் வலுக்கிறது. ஆனால் கினா என்பது அங்கே முன்பு பணமாகப் புழங்கிய முத்துச்சிப்பியின் உள்ளூர்ப் பெயர். ஒலி ஒற்றுமை வெறும் தற்செயல்.

ஆப்பிரிக்கக் கினியாவில் இப்போது புழங்குவது கினியா ஃபிராங்க். ஃபிராங்க் என்பது ஃபிராங்கு இன மக்களின் பெயர். அதே பெயர்தான் அரபு, பாரசீகம் வழியாக நம்மிடம் 'பரங்கி' ஆகி, பரங்கிக்காயில் உட்கார்ந்திருக்கிறது. ஃபிராங்கைத் தள்ளிவிட்டு அந்த நாடு 1971இலிருந்து சுமார் பதினைந்து ஆண்டுகள் சொந்தப் பெயரில் ஒரு பணம் வைத்திருந்தது. அதன் பெயர் 'சிலி'. அங்கே பேசப்படும் சூசு மொழியில் அதற்கு யானை என்று பொருள்.